புரொடியூசர், மொகல்: எது தமிழ்?

அமெரிக்க ஹிப்ஹாப் கலைஞர் டாக்டர் டிரே பற்றித் தமிழில் எது வந்தாலும், 'இசைத் தயாரிப்பாளராக இருந்து இசை ஜாம்பவானாக உயர்ந்தவர்' என்கிற மாதிரி, ஆங்கிலத்தின் 'புரொடியூசர்', 'மொகல்' இரண்டையும் பெயர்த்த ஒரு வரி வந்துவிடுகிறது. படிப்பவருக்கு என்ன விளங்கும்? பணம் போட்டவர் பிறகு பெரிய கலைஞராகிவிட்டார் என்று. நடந்தது நேர் தலைகீழ்.

புரொடியூசர் லத்தீன் வழிச் சொல். 'முன்னே கொண்டுவருபவர்' என்பது வேர்ப்பொருள். தயாரிப்பாளரில் உள்ள 'தயார்' உருதுவிலிருந்து வந்தது. அது கிடக்கட்டும், என் சண்டை வேரோடு அல்ல. தமிழ் சினிமா அந்தச் சொல்லை முதல் போடுபவருக்கு எழுதிக்கொடுத்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஹிப்ஹாப் புரொடியூசரோ டிரம் மெஷினில் தாளம் கட்டி, பேஸ், சிந்தசைசர் அடுக்கி, ராப் பாடுபவரைத் திரும்பத் திரும்பப் பாடவைத்துப் பதிந்து, பல சமயம் ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங்கும் தானே முடிப்பவர். 1992இல் வந்த 'தி குரோனிக்' பாடல் தொகுப்பில் டிரே, ஃபங்க் என்னும் ஆட்ட இசையின் பழைய பாட்டுகளின் பகுதிகளைப் பெரும்பாலும் அப்படியே வெட்டி ஒட்டவில்லை. வாத்தியக்காரர்களை வைத்துப் புதிதாக வாசிக்கவைத்தார். அப்படிச் செய்தால் பழைய ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் போக வேண்டியதில்லை. பாடலின் ஆக்க உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்கினால் போதும். இது கைவேலை. 'தயாரிப்பாளர்' என்றதும் இதில் எதுவுமே கண்ணில் படுவதில்லை.

சிலர் 'இசையமைப்பாளர்' என்கிறார்கள். அதுவும் பொருந்தாது. இசையமைப்பாளர் மெட்டுப் போடுபவர்; ராப்பில் மெட்டு பெரும்பாலும் இல்லை, ஒலியின் கட்டுமானம்தான் உண்டு. 'இசையாக்குநர்' சரியாக உட்காரும். ('இயக்குனர்' என்று றன்னகரம் போடுபவர்கள் இதையும் 'ஆக்குனர்' ஆக்குவார்கள், இங்கே தந்நகரம்தான்.) ஆக்குவது சமையல் வேலை அல்லவா என்பார்கள். இருக்கட்டுமே, பீட், அதாவது ராப்புக்கான பின்னணித் தாளம், செய்பவர்களே ஆங்கிலத்தில் பீட்டைச் 'சமைப்பதாக'த்தான் பேசுகிறார்கள்.

மொகல், 'முகலாயர்' ஆங்கிலத்துக்குப் போய்ப் பெரும்புள்ளி என்று பொருள் மாறிய சொல். ஜாம்பவானோ அனுபவத்தில் மூத்தவன். அனுமனுக்கு அவன் பலத்தை நினைவூட்டியவன். சொத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. 1996இல் டெத் ரோ இசை நிறுவனத்தை விட்டு வெளியேறி, இன்டர்ஸ்கோப் இசை நிறுவனத்தின் கீழ் ஆஃப்டர்மாத் என்ற தன் நிறுவனத்தைத் தொடங்கி, 2006இல் இன்டர்ஸ்கோப்பின் ஜிம்மி அயோவினுடன் பீட்ஸ் ஹெட்ஃபோன் நிறுவனத்தை நிறுவி, 2014இல் அதை ஆப்பிளுக்கு 300 கோடி டாலருக்கு விற்ற டிரே இசைத்தொழில் அதிபர். 'அதிபர்' வடசொல் என்று மூக்கைச் சுளிப்பவர்கள் 'பெருமுதலாளி' என்று எழுதிக்கொள்ளட்டும். அதில் மேடைப்பேச்சு வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

எக்ஸிகியூடிவ் புரொடியூசர், அதாவது மேற்பொறுப்பாளர், தனி. 1999இல் வந்த ராப் பாடகர் எமினெமின் 'தி ஸ்லிம் ஷேடி எல்பி' தொகுப்பில் டிரே மூன்று பாடல்களுக்குத்தான் இசையாக்குநர். முழுத் தொகுப்புக்கும் மேற்பொறுப்பாளர். இரண்டையும் 'தயாரிப்பாளர்' என்று எழுதினால் மற்றப் பாடல்களில் உழைத்த பாஸ் சகோதரர்கள் என்ற இசையாக்குநர்களின் வேலையும் டிரே கணக்கில் ஏறிவிடும்.