அறத்துணிவு: ‘ஒழுக்கத் துணிவு’ ஏன் ஆகாது?

ஊரே எதிர்த்தாலும் நியாயத்துக்காக நிற்கும் துணிவுக்கு ஆங்கிலத்தில் ‘மாரல் கரேஜ்’ என்று பெயர். அதைத் தமிழில் ‘ஒழுக்கத் துணிவு’ என்று எழுதும் பழக்கம் எப்போது தொற்றியதோ, இப்போது எங்கு பார்த்தாலும் அதுதான். கும்பகோணம் ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும் இலக்கிய நோட்ஸிலும் இருக்கிறது, மொழிபெயர்ப்பு நாவல்களின் பின்னட்டையிலும் இருக்கிறது. அண்மையில் திருவாரூரில் ஒரு புத்தக அறிமுகக் கூட்டம். அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் வரும் வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபிஞ்சைப் பற்றிப் பேசியவர், “அவருடைய ஒழுக்கத் துணிவு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெரியவர் என் பக்கம் சாய்ந்து, “குடி, கிடி எதுவும் கிடையாதோ அவருக்கு?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தத் தமிழ் அவருக்கு அப்படித்தான் பொருள் சொல்லும்.

வேர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘கரேஜ்’ இதயத்தைக் குறிக்கும் இலத்தீன் ‘கோர்’ என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘மாரல்’, வழக்கத்தைக் குறிக்கும் ‘மோஸ்’ என்பதிலிருந்து வந்தது. கிரேக்கச் சொல் ஒன்றுக்கு ஈடாக ‘மொராலிஸ்’ என்று ஆக்கியவர் சிசரோ.

உடனே கேட்பார்கள்: வழக்கம்தானே மூலம், அப்போது ஒழுக்கம்தானே நேர்ச்சொல்? இங்கேதான் வழி தவறுகிறது. ஒழுகுதல் என்றால் போகிற போக்கில் போவது, வெட்டிவிட்ட வாய்க்காலில் தண்ணீர் போவதைப் போல. திருக்குறளில் ஒழுக்கமுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் இப்படித் தொடங்குகிறது: “உலகத்தோ டவ்வ தொழுகல் பலகற்றும் கல்லார்”. எவ்வளவு படித்திருந்தாலும் உலகத்தோடு பொருந்தி நடக்கத் தெரியாதவர் அறிவில்லாதவர் என்கிறது. அந்த அதிகாரத்தில் அது சரியான பேச்சு. ஆனால் நாம் பெயர் தேடுவது உலகத்தோடு பொருந்த மறுத்தவனுக்கு. அட்டிகஸ், கறுப்பினத்தவரான டாம் ராபின்சனுக்காக வாதாடுகிறார். ராபின்சனை அடித்துக் கொல்ல வரும் கும்பலை எதிர்பார்த்து, இரவில் சிறை வாசலில் நாற்காலி போட்டு, விளக்கடியில் செய்தித்தாள் படித்தபடி தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஊரில் பலர் கண்ணுக்கு அவர் செய்வதுதான் முறைகேடு. ஊர் ஒழுக்கத்தை மீறியவருக்கு ஒழுக்கத்தின் பேரால் பட்டம் கொடுப்பது என்ன நியாயம்?

‘உலகம் என்றால் உயர்ந்தோர், வெறும் ஊரார் இல்லை’ என்று பதில் வரும். சரி, உயர்ந்தோர் யார் என்பதை யார் தீர்மானித்தார்கள்? நம் டெல்டாவிலேயே பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. கொடுத்தவர்களுக்கு அதுதான் முறை, அதுதான் வழக்கம். எதிர்த்துப் பேசிய கூலியாள் அடங்காதவன், ஒழுங்கு கெட்டவன். சங்கம் கட்டி, செங்கொடி பிடித்து, அடிபட்டு எதிர்த்த பிறகுதான் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டதும் இதே மண்ணில்தான். கூலி உயர்வு கேட்டு நின்றவர்களின் துணிவை ‘ஒழுக்கத் துணிவு’ என்று சொல்லிப் பாருங்கள், வாய் கூசும்.

இன்றைய வழக்கிலோ ஒழுக்கம் இன்னும் சுருங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தலைமுடி வெட்டுவது ஒழுக்கம், பெண்பிள்ளை எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பது ஒழுக்கம். இந்தச் சொல்லின் தலையில் நீதியைத் தூக்கி வைத்தால் அது தாங்காது.

‘தார்மீகத் தைரியம்’ பற்றி நீட்ட வேண்டாம். பணமும் ஆளும் தராதவர்கள் ‘தார்மீக ஆதரவு’ தந்து தந்து அந்த அடைமொழியையே பொக்காக்கிவிட்டார்கள். ‘அறச்சீற்றம்’ நல்ல சொல், ஆனால் அது கோபத்துக்குப் பெயர். பாண்டியன் அவையில் கண்ணகிக்குப் பொருந்தும். சத்தமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்தாது. எனக்குப் பிடித்த ‘நெஞ்சுரம்’ கூட முழுதாகப் போதாது. கொள்ளைக்காரனுக்கும் நெஞ்சுரம் உண்டு. பாரதி “நெஞ்சில் உரமுமின்றி நேர்மைத் திறமுமின்றி” என்று இரண்டையும் தனித்தனியாகச் சொன்னது காரணத்தோடுதான்.

ஆகவே அறத்துணிவு. அறம் என்றால் தானதர்மம் என்று ஆகிவிட்டதே என்பார்கள். “மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்” என்ற குறள் அறத்தை மனத்துக்குள் வைக்கிறது. ஊர் பார்வைக்கு அங்கே இடமில்லை. துணிதல் என்றால் அறுபடுதல், தீர்மானித்தல். “எண்ணித் துணிக கருமம்” என்பதில் இருக்கும் துணிவு அது. யோசித்து, தயக்கத்தை அறுத்து எடுத்த முடிவு. துணிச்சலில் இந்த யோசனை கிடையாது.

இதற்கு ஆள் வேண்டுமென்றால் அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. சங்கப் புலவர் கோவூர் கிழார் இருக்கிறார். தோற்ற சிற்றரசன் மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடப் போகிறான் சோழன் கிள்ளிவளவன். புறநானூறு 46இல், யானையைப் பார்த்து அழுகையை மறந்த அந்தச் சிறுவர்கள், புதிய மன்றத்தைப் பார்த்து மருளுவதைப் புலவர் அரசன் கண்முன் நிறுத்துகிறார். பிறகு, “கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே”. கேட்டுவிட்டாய் அல்லவா, இனி உன் விருப்பப்படி செய். கெஞ்சவும் இல்லை, வையவும் இல்லை. அடுத்த பாட்டில் உறையூருக்குள் வந்த புலவர் இளந்தத்தனை, எதிரியிடமிருந்து வந்தவன், ஒற்றன் என்று இன்னொரு சோழனான நெடுங்கிள்ளி கொல்லப் போனபோதும் அவர்தான் குறுக்கே நின்றார்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள குறை, அகராதியில் முதலில் கிடைக்கும் இரண்டு சொற்களை ஒட்டி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்பதுதான். வாக்கியத்தில் ஆள் என்ன செய்கிறான் என்று பார்ப்பதே இல்லை. பல இடங்களில் பெயர்ச்சொல்லே தேவைப்படாது. எங்கள் பக்கம் இப்படிப்பட்டவரை ‘நியாயத்துக்கு நிற்கிற ஆள்’ என்பார்கள். கதைக்குள் அப்படியே எழுதலாம். கட்டுரைத் தலைப்புக்கும் பாடப்புத்தகத்துக்கும் கலைச்சொல் வேண்டும் என்றால் மட்டும் அறத்துணிவு என்று போடுங்கள்.