தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம்: குலுக்கலில் பெயர் வந்த பிறகும் ஏமாறாதீர்கள்

மூன்று வருடம் முன்பு, தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் என்னிடம் துண்டுச்சீட்டு ஒன்றை நீட்டினார். அதில் பள்ளியின் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. நீலப் பேனாவில் நான்கு வரி: புத்தகம் 4,500, யூனிபார்ம் 3,000, ஆக்டிவிட்டி 5,000, இதர 1,500. அடியில் கோடு போட்டு 14,000. "குலுக்கல்ல பேரு வந்துருச்சுண்ணே. திங்கக்கிழமைக்குள்ள இதைக் கட்டலைன்னா வேற புள்ளைக்குக் கொடுத்துருவாங்களாம்."

இது இலவச இடம்! கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 12(1)(சி)-யின்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை எளிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை அவர்களுக்கான கட்டணத்தை அரசே அந்தப் பள்ளிக்குத் தந்துவிடும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. அங்கே போய் அலைய வேண்டாம். சட்டம் அவ்வளவுதான். சிக்கலெல்லாம் இனிமேல்தான்.

முதலில் முகவரி. தமிழ்நாட்டில் பள்ளிக்கும் வீட்டுக்கும் ஒரு கிலோமீட்டர்தான் கணக்கு. வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கிறது என்றால் விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும். பிழைப்புக்காக ஊர் மாறியவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். விண்ணப்பம் திறந்த பிறகு திருத்தப் போனால் காலம் போதாது, தை மாதமே ஆதாரை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது வருமானச் சான்று. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே உள்ளவர்கள் 'நலிவடைந்த பிரிவு'. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. குழந்தைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு'. இவர்களுக்குச் சாதிச் சான்று போதும். இது தெரியாமல் வருமானச் சான்றுக்காக வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று வாரம் கூலியை விட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அலைய வைத்தவர்களுக்கு ஒரு நாள் சம்பளமும் பிடிக்கப்படவில்லை.

பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பலருடையதில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். எல்.கே.ஜி-க்கு ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக வைத்திருக்கும் குடும்பம் எது? அப்பாவோ அம்மாவோ நாலு எழுத்து படித்து, போனில் தேதி பார்க்கத் தெரிந்த குடும்பம். சமூகவியலில் இதைப் பண்பாட்டு மூலதனம் என்பார்கள்; நம் ஊரில் 'விவரம் தெரிஞ்சவங்க' என்போம். செங்கல் சூளையில் தங்கி வேலை செய்பவருக்கு ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளியே இருக்காது. ஏழைகளுக்கான இடம், ஏழைகளிலும் கொஞ்சம் விவரமானவர்களுக்கே போய்ச் சேருகிறது.

தேதியையும் நம்ப முடியாது. 2025-ல் மத்திய அரசு நிதியை நிறுத்திவைத்ததில், வழக்கமாகக் கோடையில் திறக்கும் விண்ணப்பம் அக்டோபர் வரை திறக்கவில்லை. அதற்குள் கையில் காசிருந்தவர்கள் கட்டிச் சேர்த்துவிட்டார்கள், இல்லாதவர்கள் காத்திருந்தார்கள்.

சரி, துண்டுச்சீட்டுக்கு வருவோம். இந்த இடத்தில் சேரும் குழந்தையின் புத்தகம், சீருடைச் செலவும் அரசின் பொறுப்பே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. பணம் கேட்டால் சண்டை போடாதீர்கள், "எழுதிக் கொடுங்க, முத்திரை வைங்க" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே தொகை இறங்கும். இறங்காவிட்டால் சீட்டைப் போட்டோ எடுத்து, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கும் போன் செய்யுங்கள். வாய்ப்பேச்சில் "பார்க்கிறோம்மா" என்று சொன்னால் வீட்டுக்குத் திரும்பி வராதீர்கள்.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் அரசு பணம் கட்டுவது நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணமும் உங்கள் தலையில். அப்போது கடன் வாங்கி அதே பள்ளியில் தொடர்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 25 சதவீத இடத்தில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பின் 7.5 சதவீத ஒதுக்கீடும், பெண் பிள்ளை என்றால் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இந்த இடத்தில் படித்ததற்கான சான்றை டி.சி. வாங்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். நான்கு வருடம் கழித்துப் போனால் அந்தப் பதிவேட்டைத் தேட அங்கே ஆள் இருக்காது.