ஊசி இறங்கினால் சூடு இறங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள்

கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆரையம்பதியில் இருக்கிற என் கராஜுக்குப் பழைய ஹொண்டா சிவிக் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கட்டுக்குருந்த ஓடுபாதையில் பந்தயம் ஓடப் போன கார், ஏழாவது சுற்றில் நின்றுவிட்டது. ஓட்டிய தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். என்ன நடந்தது என்று கேட்டேன். எஞ்சின் சூட்டைக் காட்டுகிற ஊசி சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போனதாம், கொஞ்சம் மெதுவாக்கினானாம், அடுத்த சுற்றில் ஊசி மளமளவென்று கீழே வந்துவிட்டதாம். "சூடு குறைஞ்சிட்டு எண்டுதான் அண்ணன் நினைச்ச நான், திரும்ப அக்சிலேற்றரை அமத்தினேன்" என்றான்.

சூடு குறையவில்லை, எஞ்சினை ஆற்றுகிற தண்ணீர்தான் முடிந்துபோயிருந்தது. வெப்பத்தை அளக்கிற சென்சர் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் போய் அதைச் சுற்றி ஆவியும் காற்றுமாக நிற்கும்போது ஊசி இறங்கும், எஞ்சினோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, நேரான இரும்புச் சட்டத்தை அதன் மேல் வைத்து, இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். அந்த எஞ்சினுக்கு 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது. 0.30 தகடு நடுவில் தடையில்லாமல் நுழைந்தது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், ஒன்றும் பேசவில்லை. தொடக்கம் எங்கே என்று தேடினால், ரேடியேற்றர் மூடியின் றபர் காய்ந்து வெடித்திருந்தது.

கல்முனை, காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது ஆசையாகக் கார் தயார்பண்ணிக்கொண்டு கட்டுக்குருந்த, தியத்தலாவ என்று போகிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோசம். ஆனால் கையில் இருக்கிற காசை முதலில் சைலன்சருக்கும் றிம்முக்கும் போடுகிறார்கள், சூட்டைப் பற்றி யோசிப்பது எஞ்சின் போன பிறகுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விசயத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். எரிகிற பெற்றோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுற்றுகிறது, இன்னொரு பங்கு புகையோடு போகிறது, மற்றது ரேடியேற்றருக்கு வருகிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு அறுபதில் போகும்போது, 100 குதிரைவலு எஞ்சின் தன் பலத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் பாவிக்கும். பந்தயத்தில் அதே எஞ்சினை முழுதாக அமத்தினால் ரேடியேற்றருக்கு மட்டும் 50 கிலோவாட்டுக்கு மேல் வரும். வீட்டில் தேத்தண்ணிக்கு வைக்கிற 2 கிலோவாட் மின்கேத்தல் இருபத்தைந்தை ஒரே நேரத்தில் போட்டுவிட்டு, அந்தச் சூடு முழுவதையும் அந்தச் சின்னத் தகட்டால் வெளியே தள்ள வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே "ரோட்டில் ஒருநாளும் சூடாகவில்லை" என்பது ஒரு சான்றே இல்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். நம் கரையோரக் கிணறுகளில் பல உவர், உவரில்லாத இடத்திலும் சுண்ணாம்பு. அந்தத் தண்ணீரை வருசக்கணக்காக ஊற்றிய ரேடியேற்றரை வெட்டிப் பார்த்தால், கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவம் குழாய்களைப் பாதி அடைத்திருக்கும். வெளியிலிருந்து பார்க்க ஒரு குறையும் தெரியாது. பற்றறிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரையும், துருப்பிடிக்காமல் இருக்க அதற்குரிய மருந்தையும் பாவியுங்கள். கிளைக்கோல் கலந்த கூலன்ட் சாதாரண ஓட்டத்துக்கு நல்லது. ஆனால் அது பாதையில் சிந்தினால் ஒயில் சிந்தியதுபோல வழுக்கும், பின்னால் வருகிற பிள்ளைக்கு ஆபத்து. பல நாடுகளில் பந்தயக் காருக்கு அதை விடமாட்டார்கள். போகிற போட்டியின் விதியைக் கேட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு உள்ளே காற்று நிற்காமல் எடுக்கவும் வேண்டும், பழைய சிவிக் எஞ்சின்களில் அதற்கென்றே தண்ணீர் வெளிவருகிற வாயில் ஒரு சின்ன போல்ட் இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை.

அந்த ரேடியேற்றர் மூடியை யாரும் சாமானாகவே கணக்கெடுப்பதில்லை. மூடி அமுக்கத்தைப் பிடித்துவைப்பதால்தான் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் நிற்கிறது. அமுக்க அளவு 1.1 என்று அடித்த நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 பாகை வரை தாங்கும். றபர் போன மூடி என்றால் 100இலேயே கொதிக்கத் தொடங்கிவிடும், கொதித்த இடத்தில் உலோகத்தைத் தண்ணீர் தொடாது, ஆவிதான் தொடும், ஹெட் வளைவது அங்கேதான்.

அடுத்தது தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடானதும் ரேடியேற்றருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வு. "சூடாகுதா, அதைக் கழற்றி எறி" என்பது நம் ஊரில் கராஜுக்குக் கராஜ் கேட்கிற வைத்தியம். நானும் தொழில் பழகிய காலத்தில் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், அது பிழை. பல ஜப்பான் கார்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்புகிற குறுக்குவழியை அதுவே மூடவும் செய்கிறது. அதைக் கழற்றினால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே எஞ்சினுக்குள் திரும்பப் போகும். மெதுவாக ஓடும்போது ஊசி கீழே நிற்கிறதைப் பார்த்து எல்லாரும் சந்தோசப்படுவார்கள், முழுதாக அமத்துகிற நேரம்தான் மாட்டும். 82 பாகையில் திறக்கிற நல்லதொன்றைப் போடுங்கள்.

ரேடியேற்றருக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் அறுவடை நேரம் ஓடிய கார் என்றால் ஏசி கண்டென்சரைக் கழற்றிப் பாருங்கள், கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் பதரும் வைக்கோல் தூசும் பாய் பின்னினாற்போல இருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. கடற்கரைக் கார்களில் உப்புப் பட்டு அந்த மெல்லிய தகடுகள் விரலால் தொட்டாலே பொடியாகும். அப்படிப்பட்ட ரேடியேற்றரைக் கழுவிப் பிரயோசனம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

காற்று தனக்குச் சுகமான வழியாகத்தான் போகும். பம்பர் வாயால் வந்த காற்றுக்கு ரேடியேற்றரின் பக்கத்திலும் மேலேயும் இரண்டு விரல் இடைவெளி கிடைத்தால் தகட்டுக்குள் நுழையாது, சுற்றிக்கொண்டு போய்விடும். மெல்லிய அலுமினியத் தகடும் ஸ்பொஞ்சும் வாங்கி அந்த இடைவெளிகளை அடையுங்கள், ஒருநாள் வேலை. பெரிய ரேடியேற்றர் வாங்குவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லித்தான் எல்லாரிடமும் சொல்லுவேன். பொனற்றின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கிவிடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். கார் நிற்கும்போது அதால் சூடு வெளியேறும், உண்மைதான். ஆனால் வேகத்தில் முன்கண்ணாடியின் அடியில் காற்றமுக்கம் அதிகம், அதனால் அந்த வாய்வழியாகக் காற்று உள்ளே வரப் பார்க்கும், ரேடியேற்றருக்குள்ளால் போக வேண்டிய காற்றுக்கு வெளியேற இடம் குறைந்துவிடும்.

கூம்பு வடிவக் காற்று வடிகட்டியான கோன் ஃபில்டரைப் பொனற்றுக்குள் திறந்தபடி வைத்தால் சத்தம் நன்றாக இருக்கும், உறிஞ்சுவது சுடுகாற்று. வெளியே 35 பாகையும் உள்ளே 60 பாகையும் என்றால் எஞ்சினுக்குப் போகிற காற்றில் 8 சதவீதம் குறைகிறது. ஃபில்டருக்கு ஒரு தகட்டு அறை கட்டி, வெளியிலிருந்து குழாய் போடுங்கள். சைலன்சர் குழாயில் சுற்றுகிற வெப்பநாடாவில் ஒயில் சொட்டினால் விளக்குத் திரிபோல ஊறித் தீப்பிடிக்கும், ஆகவே ஒயில் கசிகிற எஞ்சினில் அதைச் சுற்றவே வேண்டாம். பெற்றோல் குழாய் அந்தப் பக்கத்தால் போகிறதா என்றும் பாருங்கள்.

ஒயில் தண்ணீரைவிடப் பிந்தித்தான் சூடாகும், பிந்தித்தான் ஆறும். ஒயிலுக்குத் தனிக் கேஜ் போடுங்கள். 110 பாகை வரை பிரச்சினை இல்லை, 130ஐத் தாண்டினால் ஒயில் மெலிந்து பேரிங் காயத் தொடங்கும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் மாற்றுங்கள்.

இனி பிறேக். எஞ்சின் போனால் காசு போகும், பிறேக் போனால் ஆள் போவான். 1000 கிலோ கார் 140இலிருந்து 60க்கு ஒருமுறை குறைத்தால், அறைச்சூட்டில் இருக்கிற இரண்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுபோகிற அளவு சூடு அந்த நான்கு சில்லுகளில் இறங்குகிறது, அதிலும் பெரும்பகுதி முன் இரண்டில்தான். ஒரு சுற்றில் அது எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், வாவியும் கடலும் சூழ்ந்த நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. டொட் 3 என்கிற பிறேக் ஒயில் வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறிய பிறகு 140. டொட் 4 என்றால் 230உம் 155உம். அது கொதித்தால் குழாய்க்குள் குமிழி, குமிழியை அமுக்கலாம், பிறேக்கைப் பிடிக்க முடியாது, பெடல் தரை வரை போகும். பந்தயத்துக்கு முந்திய வாரம் சீல் உடைக்காத புதுப் போத்தலில் டொட் 4 அல்லது 5.1 வாங்கி முழுதாக மாற்றுங்கள். போன வருசம் திறந்துவைத்த அரைப் போத்தலை எடுத்துக்கொண்டு வராதீர்கள், ஒருவரையும் நான் அதை ஊற்றவிடுவதில்லை.

ஓட்டுகிறவரையும் மறக்க வேண்டாம். ஹெல்மெற், தீப்பிடிக்காத உடுப்பு, ஏசி கழற்றிய கார், வெளியே 34 பாகை. காலையிலிருந்தே தண்ணீரும் ஜீவனி என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலும் குடியுங்கள், தாகம் வந்த பிறகு குடித்தால் பிந்திவிட்டது. தலை சுற்றினாலோ வேர்ப்பது நின்றாலோ உடனே உள்ளே வாருங்கள்.

முதல் பயிற்சியில் ஐந்து சுற்று ஓடிவிட்டு வந்து அளந்து எழுதுங்கள்: தண்ணீர், ஒயில், நான்கு பிறேக் டிஸ்க், வெளிக்காற்று. துவக்குபோலப் பிடித்து அளக்கிற இன்ஃப்ராரெட் மீற்றர் போதும், கொரோனா நேரம் நெற்றிக்குப் பிடித்தது இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டை மட்டும்தான் காட்டும். பளபளக்கிற அலுமினியத்தில் மீற்றர் குறைத்துக் காட்டும், அந்த இடத்தில் சின்னதாக ஒரு கறுப்புப் பெயின்ற் பொட்டு வைத்து அதில் அளவுங்கள். கார்க் கம்பனி தந்த கேஜை நம்ப வேண்டாம், பல கார்களில் அது 80க்கும் 105க்கும் நடுவில் அசையாமலே நிற்கும்படி செய்யப்பட்டது.

கடைசிக் கொடி விழுந்ததும் அப்படியே கொண்டுவந்து நிறுத்தி எஞ்சினை ஓஃப் பண்ணாதீர்கள். ஒரு சுற்று பிறேக் பிடிக்காமல் ஆறுதலாக ஓடி, உள்ளே வந்து, ஹான்ட்பிறேக் இழுக்காமல் சில்லுக்குக் கட்டை வைத்து, பொனற்றைத் திறந்து, ஃபேன் சுற்ற இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். ரேடியேற்றர் மூடியில் கை வைப்பதற்கு முன் அதன் மேல் ஹோஸை ஒரு துணியோடு பிடித்து அமுக்கிப் பாருங்கள். அது கல்லுப்போல விறைத்து நின்றால் இன்னும் அரை மணித்தியாலம் பொறுங்கள், துவண்டு அமுங்கினால் துணியை மூடியின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் பூட்டு வரை மட்டும் திருகுங்கள்.