உயர் ரெசல்யூஷன் ஆல்-இன்-ஒன் கணினியில் கேம் திணறுவது ஏன்?

திரையும் கணினியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த ஆல்-இன்-ஒன் கணினிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பதால், ஒரே வகையான புகாரை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். "படம் பார்த்தால் அவ்வளவு தெளிவு, போட்டோ எடிட்டிங் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது, கேம் போட்டால் மட்டும் திக்கித் திக்கி வருகிறது, கிராஃபிக்ஸ் சிப் போய்விட்டதா, கொஞ்சம் பாருங்கள்" என்பார்கள். பரிசோதித்தால் பெரும்பாலும் சிப்பில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. அந்தத் திரையின் முழு ரெசல்யூஷனில் கேமை வரைந்து கொடுக்கும் ஆற்றல், கணினி புதிதாக இருந்தபோதும் அந்தச் சிப்புக்கு இருந்ததில்லை. வாங்கும்போதே யாரேனும் இதை எடுத்துச் சொல்லியிருந்தால் வீண் செலவும், நன்றாக இருக்கும் கணினியைக் கழற்றிக் கெடுத்துக்கொள்ளும் நிலையும் தவிர்க்கப்பட்டிருக்கும்.

கணக்கைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். ஆப்பிள் நிறுவனம் 2014 அக்டோபரில் வெளியிட்ட 27 அங்குல ரெட்டினா 5கே ஐமேக்கின் திரை 5120×2880 பிக்சல்களை (படம் உருவாகும் நுண்புள்ளிகளை) கொண்டது; இந்த எண்ணிக்கையே ரெசல்யூஷன். அதாவது ஏறத்தாழ ஒரு கோடியே 47 லட்சம் பிக்சல்கள். மைக்ரோசாஃப்ட் 2016இல் கொண்டுவந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோவின் திரை 4500×3000, மொத்தம் ஒரு கோடியே 35 லட்சம். 2021இல் வந்த 24 அங்குல ஐமேக்கில் 4480×2520, ஏறத்தாழ ஒரு கோடியே 13 லட்சம். கேம் விளையாடுவோரிடையே நெடுங்காலமாகப் புழங்கும் 1920×1080 (1080பி) திரையில் இருப்பதோ 21 லட்சத்துக்கும் குறைவான பிக்சல்கள்தான். ஆகவே 5கே திரையில் ஒரு ஃபிரேமை (அசையும் காட்சியின் ஒரு தனிப் படத்தை) முழு அளவில் வரைவது, 1080பி திரையில் வரைவதைப் போல ஏழு மடங்கு பிக்சல்களை வரைவதாகும்.

திரைப்படம் தடையின்றி ஓடுகிறதே என்று கேட்பது இயல்பு. திரைப்படத்தின் ஒவ்வொரு ஃபிரேமும் முன்கூட்டியே தயாரிக்கப்பட்டு, சுருக்கி வைக்கப்பட்ட படம். அதை விரித்துக் காட்டுவதற்கென்றே சிப்புக்குள் தனியான பகுதி உண்டு. கேமில் எதுவும் முன்கூட்டியே தயாராக இருப்பதில்லை. நீங்கள் மவுஸை அசைத்த கணத்தில் எந்தப் பொருள் எங்கே தெரியவேண்டும், அதன் மீது எந்த விளக்கின் ஒளி விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது, நீரில் எது பிரதிபலிக்கிறது என்பதையெல்லாம் பிக்சல் பிக்சலாகக் கணக்கிட்டாக வேண்டும். விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி மட்டுமே. அந்த நேரம் சற்றே தவறினாலும், சாதாரண விசிங்க் (திரை புதுப்பிக்கப்படும் தாளத்துக்கு ஏற்ப ஃபிரேம்களைக் காட்டும் அமைப்பு) இயங்கும் நிலையில் ஃபிரேம் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க நேர்கிறது. 60 என்பது 55 ஆகக் குறையாமல் நேராக 30க்கு விழுகிறது. "திடீரென்று பாதியாகிவிட்டது" என்று பலரும் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இவ்வளவு பெரிய பாரத்தைச் சுமக்கும் கிராஃபிக்ஸ் சிப் எத்தகையது என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆல்-இன்-ஒன் கணினியின் மெலிந்த கூட்டுக்குள் முழு அளவு கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்த இடமில்லை. அதன் வெப்பத்தை வெளியேற்றவும் வழியில்லை. எனவே லேப்டாப்புக்கென வடிவமைத்த சிப்புகளையே இவற்றில் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். 2014 ஐமேக்கில் இருந்த ரேடியான் ஆர்9 எம்290எக்ஸ் என்ற பெயரில் உள்ள 'எம்' அதைத்தான் குறிக்கிறது. அதன் வீடியோ நினைவகம் 2 ஜிபி மட்டுமே. பிற்காலத்தில் அந்த அடையாள எழுத்தும் பெயரிலிருந்து மறைந்துவிட்டதால் குழப்பம் கூடிவிட்டது. டெஸ்க்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் வரை மின்சாரம் எடுக்கும். அதே பெயரில் வரும் லேப்டாப் சிப்புக்கோ, தயாரிப்பாளர் 60 முதல் 115 வாட்டுக்குள் ஒரு வரம்பை விதிக்கிறார். 2022இல் வந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 பிளஸ் கணினியில் இருப்பது இந்த இரண்டாவது வகைதான். பெயரை மட்டும் பார்த்து, இணையத்தில் டெஸ்க்டாப் கார்டு பெற்ற ஃபிரேம் எண்ணிக்கையைத் தன் கணினியிடம் எதிர்பார்ப்பவர் ஏமாறுவது உறுதி. வாங்குமுன் சிப்பின் பெயரோடு அதன் வாட் வரம்பையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, கையில் இருக்கும் கணினியில் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம். முதலில் மாற்ற வேண்டியது கேமின் ரெசல்யூஷன். இதில் திரையின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் எண்ணைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். 5120×2880 திரையில் 2560×1440 என்று வைத்தால், நீளத்திலும் உயரத்திலும் சரிபாதி. கேமின் ஒரு பிக்சல் திரையின் நான்கு பிக்சல்களில் ஒழுங்காக அமரும், சிப்பின் வேலை நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதே திரையில் 1920×1080 என்று வைத்தால் விகிதம் 2.67 என்று பின்னமாகிவிடுவதால் எழுத்துகளும் விளிம்புகளும் கலங்கித் தெரியும். 4கே திரையில் நிலைமை வேறு. 3840×2160க்குச் சரிபாதி 1080பி என்பதால் அங்கே அது நன்றாகவே பொருந்தும்.

இதைவிடச் சிறந்த வழி, பல கேம்களில் இருக்கும் 'ரெசல்யூஷன் ஸ்கேல்' என்னும் அமைப்பு. எழுத்துகளும் மெனுவும் முழுத் தெளிவுடன் இருக்க, முப்பரிமாணக் காட்சியை மட்டும் குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், 2021இல் வந்த ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், 2022இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய மெட்டல்எஃப்எக்ஸ் ஆகியவை இந்த வேலையை மேலும் நுட்பமாகச் செய்பவை. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் 2 ஆகிய இரண்டிலும் 'குவாலிட்டி' நிலையில் ஒவ்வொரு பக்கமும் மூன்றில் இரண்டு பங்காகவும், 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் பாதியாகவும் குறைத்து வரையப்படுகிறது. 5கே திரையில் குவாலிட்டி நிலையே 65 லட்சம் பிக்சல்கள் என்பதால், லேப்டாப் சிப்புக்கு அது இன்னும் கனமானதுதான். இத்தகைய திரையில் தயங்காமல் பெர்ஃபார்மன்ஸ் நிலையிலேயே தொடங்கலாம் என்பது என் கருத்து. 27 அங்குலத்துக்குள் அங்குலத்துக்கு 218 பிக்சல் என நெருங்கி அமைந்த திரையில், காட்சி நகர்ந்துகொண்டிருக்கும்போது வேறுபாட்டைக் கண் எளிதில் பிடிப்பதில்லை.

அதே நெருக்கத்தின் காரணமாக, விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றத்தை மென்மையாக்கும் ஆன்ட்டி-அலையாசிங் அமைப்பையும் பெருமளவு குறைத்துவிடலாம். நிழல்களின் தரம், மூடுபனி, ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) ஆகியவை சிப்பை அதிகம் வாட்டுபவை. முதலில் கைவைக்க வேண்டியவை இவையே. டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படம்) தரத்தை மட்டும் அவசரப்பட்டுக் குறைக்க வேண்டாம். வீடியோ நினைவகம் போதுமானவரை அது ஃபிரேம் எண்ணிக்கையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. நினைவகம் நிரம்பிவிட்டால் மட்டும், திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் காட்சி ஒரு கணம் உறைந்து நிற்கும். அப்போது ஒரு படி குறைத்தால் போதும். ரெசல்யூஷனைப் பாதியாக்கிய பிறகும் ஃபிரேம் எண்ணிக்கை ஏறவே இல்லையென்றால், தடை கிராஃபிக்ஸ் சிப்பில் இல்லை. பிராசஸரிலோ வேறிடத்திலோ இருக்கிறது என்று பொருள்.

நான் மிகவும் கவலைப்படுவது வெப்பத்தைப் பற்றித்தான். 27 அங்குல 5கே ஐமேக்கில் பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் சேர்த்து இருப்பது ஒரே விசிறி. காற்று கீழ் விளிம்பிலுள்ள துளைகள் வழியாக உள்ளே புகுந்து, பின்புறம் தாங்கியின் மறைவிலுள்ள இடைவெளி வழியாக வெளியேறுகிறது. கணினியைச் சுவரோடு ஒட்டி வைப்பதும், கீழ் விளிம்பை மறைத்துப் புத்தகங்களை அடுக்குவதும் இந்தப் பாதையை அடைத்துவிடும். சில ஆண்டுகளில், சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு இடையே தூசு கம்பளம்போல் படிந்துவிட்டால், விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பயன் குறைவே. சூடு ஒரு வரம்பைத் தாண்டும்போது சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. தொடங்கிய சில நிமிடங்கள் கேம் சீராக ஓடி, பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தால் அது இந்தக் குறைப்பின் அடையாளம். எனவே கணினியைச் சோதிக்கும்போது ஐந்து நிமிடத்தில் முடிவுக்கு வராமல், குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்டி, வெப்பநிலையையும் சிப்பின் கடிகார வேகத்தையும் ஒரு கண்காணிப்பு மென்பொருளில் பார்த்துக்கொண்டே இருங்கள். பழைய கணினியை வாங்குபவர் இதைச் செய்யாமல் பணம் கொடுக்கவே கூடாது.

வெப்பத்தைக் குறைக்கச் செலவில்லாத வழி, ஃபிரேம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பது. மேலே சொன்ன ஐமேக் திரைகள் 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பித்து, இயங்குபவை. அதற்கு மேல் வரையப்படும் ஃபிரேம்களால் சூடுதான் மிஞ்சும். சிப்பால் 60ஐ நிலையாகத் தரமுடியாவிட்டால் 30 என்று வைப்பது நல்லது. இடையில் 40, 45 என்று வைத்தால் சில ஃபிரேம்கள் ஒரு சுற்றும் சில ஃபிரேம்கள் இரண்டு சுற்றும் திரையில் நிற்பதால், எண்ணிக்கை கூடியிருந்தும் அசைவு சீரற்றுத் தெரியும்.

தூசை நீங்களே அகற்ற எண்ணி இந்தக் கணினியைத் திறந்துவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 2012 இறுதியில் வந்த மெலிந்த ஐமேக் முதற்கொண்டு திரை பசைப்பட்டையால் ஒட்டப்பட்டுள்ளது. அதை அறுத்துத்தான் திறக்கவேண்டும், மூடும்போது புதிய பட்டை ஒட்டவேண்டும். சற்றே அழுத்தம் கூடினால் திரை விரிசல் விடும், திரையின் விலையோ கணினியின் விலையில் பெரும்பங்கு. அதைவிட ஆபத்தானது, 27 அங்குல மாடலின் உள்ளே மூடியின்றி அமைந்திருக்கும் பவர் சப்ளை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். வீட்டில் செய்யக்கூடியது, கணினியை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, துளைகளின் மேலுள்ள தூசை மென்மையான பிரஷ்ஷால் அகற்றுவது மட்டுமே.

வெளிப்புற கிராஃபிக்ஸ் கார்டு பற்றியும் பலர் கேட்கிறார்கள். தண்டர்போல்ட் 3 என்னும் அதிவேகக் கேபிள் இணைப்பு உள்ள இன்டெல் மேக்குகளில் 2018 முதல் இதற்கு ஆதரவு உண்டு. ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குகளில் இல்லை. அந்த இணைப்பின் உச்ச வேகம் விநாடிக்கு 40 கிகாபிட். கார்டு வரைந்த படம் அதே கேபிள் வழியாகத் திரும்பிவந்து கணினியின் சொந்தத் திரையில் தெரிய வேண்டுமென்றால் ஃபிரேம் எண்ணிக்கை மேலும் குறைகிறது. முழுப் பயன் பெறத் தனி மானிட்டர் வேண்டும். அப்படியானால் ஆல்-இன்-ஒன் வாங்கியதன் நோக்கமே அடிபட்டுப்போகிறது. மேக்கில் மென்பொருள் தடைகளும் உள்ளன: 2019இல் வந்த மேக் இயங்குதளப் பதிப்பான கேட்டலினா, பழைய வகையான 32-பிட் மென்பொருள்களைக் கைவிட்டதால் பழைய கேம்கள் பல நின்றுபோயின, பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் நிறுவுவதும் இன்டெல் மேக்குகளோடு முடிந்துவிட்டது.

கேம்தான் முதன்மை நோக்கம் என்றால் கணினியும் மானிட்டரும் தனித்தனியாக வாங்குங்கள். சில ஆண்டுகளில் சிப் பழையதாகும்போது கார்டை மட்டும் மாற்றலாம், நல்ல திரை வீணாகாது. 2009 இறுதி முதல் 2014 நடுப்பகுதி வரையிலான ஐமேக்குகள் பலவற்றை வேறு கணினிக்கு மானிட்டராகப் பயன்படுத்தும் வசதி இருந்தது. 5கே மாடலில் அது எடுக்கப்பட்டுவிட்டது. வேலை திரைக்காக, கேம் எப்போதாவது என்பவருக்கு இந்தக் கணினிகள் மிக நல்லவை. அவர்களை நான் தடுப்பதில்லை.

உண்மையான கோளாறுக்கு அறிகுறிகள் வேறு. கணினி தொடங்கும்போதே திரையில் நிறக் கோடுகளோ கட்டங்களோ தெரிவது, குறைந்த ரெசல்யூஷனிலும் கேமின் நடுவே திரை கறுத்துக் கணினி தானாக மறுதொடக்கமாவது, விசிறி சுழலாமலே கூடு சுடுவது ஆகியவற்றைக் கண்டால் உடனே அணைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். எந்தக் கேம், எந்த ரெசல்யூஷன், தொடங்கி எத்தனை நிமிடம் கழித்துத் தடுமாற்றம் வந்தது, ரெசல்யூஷனைக் குறைத்தபோது மாற்றம் இருந்ததா என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி உடன் கொடுங்கள். கணினியைத் திறக்கவேண்டிய தேவை இருக்கிறதா என்பதை அந்தத் தாளை வைத்தே பலமுறை முடிவு செய்துவிட முடிகிறது.