விசிறி, இட்லி மாவு, ஒரு சின்ன சர்க்யூட்: தேக்கி வைப்பதன் இயற்பியல்

ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் சீலிங் ஃபேன் இரண்டில் ஓடுவது போல் ஓடுகிறதா? பெரும்பாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பேரிங் இறுகிப்போயிருந்தால் கையால் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) போயிருந்தால் கருகிய வாடை வரும், அல்லது விசிறி நின்றே போகும். வேகம் மட்டும் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்துகொண்டே வந்திருந்தால், கப்புக்குள் இருக்கும் சின்னக் கண்டென்சரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள்.

வீட்டு வேலைக்கென்று ஒதுக்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் இந்தக் கண்டென்சரை மாற்றினேன், மதியம் இட்லிக்கு மாவு ஆட்டினோம், மாலையில் மேசையில் கிடந்த வெப்பநிலை சென்சாரை ஒரு சின்ன சர்க்யூட் போர்டில் சேர்த்தேன். மூன்றும் வேறு வேறு வேலைகள்தான். ஆனால் மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே இயற்பியல். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விசிறி. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. அதை ஒரு கம்பிச் சுருளில் செலுத்தினால் காந்தப்புலம் உண்டாகும். ஆனால் அந்தப் புலம் சுற்றாது. ஒரே கோட்டில் வடக்கு தெற்காகவும் தெற்கு வடக்காகவும் மாறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்ற தூண்டுதலே கிடைக்காது. கண்டென்சர் முழுதாகச் செத்துப்போன விசிறி ‘உம்’ என்று முனகிக்கொண்டு அசையாமல் நிற்பது இதனால்தான். அப்போது இறக்கையை ஒரு குச்சியால் தள்ளிவிட்டால், தள்ளிய திசையில் மெல்ல ஓடத் தொடங்கும். இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம், வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம். ஒற்றைச் சுருளின் புலத்துக்குத் திசை கிடையாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

புலம் சுற்ற வேண்டுமானால் இரண்டு சுருள்கள் வேண்டும். இரண்டிலும் மின்னோட்டம் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகக் கூடாது. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது சுழியத்தில் இருந்தால், காந்தப்புலம் ஒரு சுருளிலிருந்து அடுத்த சுருளுக்கு நகர்ந்து நகர்ந்து வட்டமாகச் சுற்றும். அதன் பின்னால் மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டாரும் இழுபட்டுச் சுற்றும். இந்தச் சுழலும் புலத்தை இத்தாலியின் டூரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸும், அமெரிக்காவில் நிக்கோலா டெஸ்லாவும் தனித்தனியாகக் கண்டடைந்தார்கள். 1888இல் சில வார இடைவெளியில் இருவரின் வேலையும் வெளியுலகுக்கு வந்தது. தொழிற்சாலைகளில் மூன்று ஃபேஸ், அதாவது ஒன்றுக்கொன்று நேரம் தள்ளி அலையும் மூன்று மின்சார இணைப்புகள், இருப்பதால் அங்கே இது தானாகவே நடக்கும். வீட்டில் இருப்பது ஒற்றை ஃபேஸ். இரண்டாவது சுருளுக்கு நேரம் தவறிய மின்னோட்டத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

அதைத் தருவதுதான் கண்டென்சரின் வேலை. இரண்டு உலோகப் பரப்புகள், நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு படலம். மின்னழுத்தம் ஏறும்போது அதில் மின்னூட்டம் சேரும், இறங்கும்போது வெளியேறும். அழுத்தம் வேகமாக மாறும் நேரத்தில்தான் மின்னோட்டம் அதிகம். மாறுமின்சாரத்தின் அழுத்தம் மிக வேகமாக மாறுவது அது சுழியத்தைக் கடக்கும் கணத்தில். உச்சியில் ஒரு கணம் மாறாமல் நிற்கிறது. ஆகவே கண்டென்சருக்குள் போகும் மின்னோட்டம், அழுத்தம் உச்சிக்கு வருவதற்குக் கால் சுற்று முன்பே தன் உச்சியைத் தொட்டுவிடுகிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. கால் சுற்று என்றால் 5 மில்லி விநாடி. முதன்மைச் சுருளில் மின்னோட்டம் அழுத்தத்துக்குப் பின்தங்கும். கண்டென்சரோடு தொடராக இணைந்த துணைச் சுருளில் முந்தும். இந்த இடைவெளிதான் விசிறிக்குத் திசையும் இழுவிசையும் தருகிறது. 14 துருவங்கள் கொண்ட மோட்டாரில் அந்தப் புலம் நிமிடத்துக்குச் சுமார் 428 முறை சுற்றும்; விசிறி அதற்குக் கொஞ்சம் பின்தங்கி ஓடும்.

இனி, கண்டென்சர் ஏன் ‘வீக்’ ஆகிறது? விசிறிக் கண்டென்சரை வெட்டிப் பார்த்தால் சுருட்டி வைத்த பிளாஸ்டிக் படலம் இருக்கும். பாலிபுரோப்பிலீன். அதன் மேல் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு தடிமனுக்கு உலோகப் பூச்சு. படலத்தில் எங்காவது ஒரு நுண்ணிய பலவீனமான இடத்தில் மின்சாரம் துளைத்துப் பாய்ந்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் அந்த வெப்பத்தில் ஆவியாகிவிடும். துளை மட்டும் தனித்துப்போகும், கண்டென்சர் ஷார்ட் ஆகாமல் தப்பிக்கும். பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று: பொருள் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பளவு போய்விடுகிறது. பரப்பளவு குறைந்தால் கொள்ளளவு, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், குறையும். என் விசிறியிலிருந்து கழற்றியதன் மேல் 2.5 மைக்ரோஃபாரட் (கொள்ளளவின் அலகு), ±5%, 440 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. மல்டிமீட்டர் காட்டியதோ 1.6. துணைச் சுருளுக்குப் போகும் மின்னோட்டம் குறைந்து, சுழலும் புலம் வட்டமாக இல்லாமல் நசுங்கிவிடுகிறது. வேகம் குறையக் காரணம் அதுதான்.

230 வோல்ட் வீட்டில் 440 வோல்ட் கண்டென்சர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 230 என்பது ஒருவகைச் சராசரி; அலையின் உச்சி 325 வோல்ட். சுருளும் கண்டென்சரும் தொடராக இருக்கும்போது கண்டென்சரின் முனைகளுக்கு இடையே சப்ளையைவிடக் கூடுதல் அழுத்தம் விழும். அதனால்தான் அந்த இடைவெளி. இன்னொன்று: 2.5க்குப் பதில் 3.15 போட்டால் காற்று பிய்த்துக்கொண்டு வரும் என்று சிலர் சொல்வார்கள். வேகம் சற்றுக் கூடலாம்தான், ஆனால் துணைச் சுருள் தாங்க வேண்டியதைவிட அதிக மின்னோட்டத்தைத் தாங்கிச் சூடேறும். அச்சிட்டிருக்கும் அளவையே போடுங்கள்.

மாற்றும் முன் மெயினை அணையுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கலாம், ஃபேஸ் அப்படியே விசிறி வரை உயிரோடு நிற்கும். டெஸ்டரால் பார்த்துவிட்டே கைவையுங்கள். கண்டென்சர் நல்ல விசிறியில் சுருள்கள் வழியாகவே காலியாகிவிடும். ஆனால் ஒயர் எங்காவது விட்டுப்போயிருந்தால் மின்னூட்டம் உள்ளேயே தங்கிவிடும். ஸ்டூல் மேல் நின்றுகொண்டு ஷாக் வாங்குவதில் ஷாக்கைவிட விழுவதுதான் ஆபத்து. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இரு முனைகளிலும் ஒரு விநாடி தொட்டுவைத்தால் போதும்.

ஏன் ஒரு விநாடி போதும்? இங்கேதான் கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம். ரெசிஸ்டரின் தடையையும் கண்டென்சரின் கொள்ளளவையும் பெருக்கினால் ஒரு நேரம் கிடைக்கும். அதற்கு நேர மாறிலி என்று பெயர். 10,000 ஓம், 2.5 மைக்ரோஃபாரட் என்றால் 25 மில்லி விநாடி. ஒவ்வொரு 25 மில்லி விநாடிக்கும் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் சுமார் 63 விழுக்காடு கழிந்து 37 விழுக்காடு நிற்கும். ஐந்து மடங்கு நேரம் போனால் ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். முதலில் வேகமாகவும் பிறகு மெல்ல மெல்லவும் இறங்கும் ஒரு வளைகோடு.

இதே வளைகோடு மாவுச் சட்டியிலும் இருக்கிறது.

இட்லி மாவு பொங்குவதற்குக் காரணம் ஈஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியமான வேலையைச் செய்வது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். குறிப்பாக லூகோநோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். சர்க்கரையைச் சிதைத்து லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டைஆக்சைடையும் வெளியிடுகிறது. அமிலம் புளிப்பு, வாயு பொங்கல். வெறும் அரிசி மாவில் அந்த வாயு குமிழ்விட்டு வெளியே போய்விடும். உளுந்தின் குளோபுலின் புரதமும் அதன் வழுவழுப்பான அராபினோகாலக்டான் என்ற கூட்டுச்சர்க்கரையும்தான் குமிழிகளைப் பிடித்து நிறுத்துகின்றன. கிரைண்டரில் உளுந்தை நேரமெடுத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டச் சொல்வது இதற்காகத்தான். கல் சுற்றச் சுற்ற உளுந்து வெளுத்து உப்பி, கையில் எடுத்தால் பஞ்சு போல நிற்கும். தண்ணீரில் ஒரு துளி போட்டால் மிதக்கும்.

இந்த நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி செல்சியஸ் பக்கம் சுகம். 20ஐ நெருங்கினால் வேலையின் வேகம் பாதியைவிடக் குறைந்துவிடும். 40ஐத் தாண்டினால் லூகோநோஸ்டாக்குக்கு ஆகாது. மிக்சியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றுவது இந்தச் சூட்டுக்காகத்தான். ஆக, இரவு முழுக்க மாவின் வெப்பநிலை எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. அறையின் வெப்பநிலை எல்லோருக்கும் தெரியும். சட்டியின் நடுவே என்ன நடக்கிறது?

மூன்று கிலோ மாவை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 10 கிலோஜூல் வேண்டும். அது அதன் வெப்பக் கொள்ளளவு. எவர்சில்வர் பாத்திரத்தின் வெளிப்பரப்பு வழியாக, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 1.2 வாட் வெப்பம் கசியும். அதைத் தலைகீழாக்கினால் வெப்பத் தடை. இரண்டையும் பெருக்குங்கள்: இரண்டேகால், இரண்டரை மணி நேரம். கண்டென்சருக்குச் செய்த அதே கணக்கு. மில்லி விநாடி மணியானது, அவ்வளவுதான்.

இது தற்செயல் ஒற்றுமை அல்ல. ஜோசஃப் ஃபூரியே 1822இல் வெப்பம் பரவும் விதத்தைக் கணிதமாக எழுதினார். ஐந்து ஆண்டுகள் கழித்து 1827இல் கியார்க் ஓம் மின்சாரத்தைப் பற்றி எழுதியபோது ஃபூரியேயின் வெப்பக் கணக்கையே முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்: வெப்பநிலை இருந்த இடத்தில் மின்னழுத்தம், வெப்ப ஓட்டம் இருந்த இடத்தில் மின்னோட்டம். பள்ளியில் படித்த ஓம் விதி வெப்பத்தின் வழியாக வந்தது என்பதைப் பாடப்புத்தகங்கள் ஏன் சொல்வதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். 1850களில் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, கடலடித் தந்திக் கம்பியில் சிக்னல் ஏன் மழுங்கி வருகிறது என்று கணக்கிட்டதும் அதே வெப்பச் சமன்பாட்டை வைத்துத்தான். அந்தக் கம்பி முழுக்கவே ஒரு நீண்ட கண்டென்சர்.

கணக்கைச் சரிபார்க்கத்தான் சென்சார். டிஎஸ்18பி20 என்ற சில்லு, எஃகுக் குழாயில் அடைத்து நீர் புகாதபடி கிடைக்கிறது. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு போனால் போதும். அரை டிகிரி துல்லியம். ஒவ்வொரு சில்லுக்கும் தனியான 64 பிட் அடையாள எண் இருப்பதால், ஒன்றைச் சட்டியின் நடுவிலும் இன்னொன்றை வெளியே அறையிலும் வைத்து, இரண்டையும் ஒரே ஒயரில் படிக்கலாம். அந்த ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று அவசியம். திரையில் திடீரென்று 85 டிகிரி என்று வந்தால் மாவு வெந்துவிடவில்லை. மின்சாரம் வந்ததும் அந்தச் சில்லின் நினைவகத்தில் இருக்கும் தொடக்க எண் அது. அளந்து முடிக்க முக்கால் விநாடி ஆகும், அதற்குள் படித்தால் 85தான் கிடைக்கும். அது அடிக்கடி வந்தால் சில்லுக்கு மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது என்று பொருள்.

மின்சாரம் விட்டுவிட்டு வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. சென்சாரைப் படிக்கும் சின்னக் கணினிப் பலகையான ஈஎஸ்பி32 போர்டு, வைஃபையில் தகவல் அனுப்பும் கணத்தில் சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். மற்ற நேரத்தில் அதில் சிறு பங்குதான். மெல்லிய யூஎஸ்பி ஒயரில் அந்தக் கணத்தில் அழுத்தம் சரிந்து, போர்டு ‘பிரவுன்அவுட்’ என்று எழுதிவிட்டுத் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும். சப்ளையின் இரு முனைகளுக்கும் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைச் சாலிடர் செய்தால் அடங்கிவிடும். மோட்டார் மெதுவாக நீர் ஏற்றினாலும் குழாயில் தண்ணீர் வேகமாக வருவதற்கு மேல்நிலைத் தொட்டி போதும் அல்லவா, அதே வேலை. ஒன்றில் மட்டும் கவனம்: இது எலக்ட்ரோலைட்டிக் வகை, நேர்முனையும் எதிர்முனையும் உண்டு. பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும் முனை எதிர்முனை. மாற்றிப் போட்டால் வெடிக்கும். விசிறியில் இருப்பதற்கு அப்படி முனை பேதம் கிடையாது.

மாவு ஆட்டி முடித்தபோது நடுவே 31 டிகிரி, அறை 24. வித்தியாசம் 7. அது 37 விழுக்காடாக, அதாவது 2.6 ஆகக் குறைய எடுத்துக்கொண்ட நேரம் மூன்று மணிக்குச் சற்றுக் கூட. கணக்கைவிட அதிகம்தான். கெட்டியான மாவுக்குள் வெப்பம் நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்துசேரவே நேரமாகிறது. ஓரத்து மாவு முன்னதாகவே ஆறிவிடும், நடு மாவு தாமதிக்கும்.

குளிர்காலத்தில் மாவு பொங்காமல் போவதற்கு இதிலிருந்தே வழி கிடைக்கிறது. நேர மாறிலியைக் கூட்டத் தடையைக் கூட்டலாம், அல்லது கொள்ளளவைக் கூட்டலாம். சட்டியைக் கம்பளியில் சுற்றுவது முதல் வழி. இரண்டாவது, ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய அண்டாவுக்குள் சட்டியை இறக்கி வைப்பது. அப்போது வெப்பக் கொள்ளளவு மும்மடங்காகும். வெளிப்பரப்பும் கூடுவதால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தண்ணீர் 35 டிகிரியைத் தாண்ட வேண்டாம், கைக்கு இளஞ்சூடாக இருந்தால் சரி. அண்டாவையும் மூடி, மேலே ஒரு போர்வையும் போட்டால் இரண்டு வழியும் சேர்ந்துவிடும். மார்கழி இரவில்கூட விடியும் வரை மாவு 27க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம்.