மத்திய அரசு டெண்டரில் குறு, சிறு நிறுவனச் சலுகை: எங்கே கை நழுவுகிறது?

உதயம் சான்றிதழ் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) கையில் இருந்தும் டெண்டரிலிருந்து வெளியே தள்ளப்படும் சிறு பட்டறைகள் ஏராளம். விதி அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. அதை எந்தக் கட்டத்தில், எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை மட்டும் எந்த அலுவலகமும் சொல்வதில்லை.

2012-இல் வந்த பொதுக் கொள்முதல் கொள்கைப்படி, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். முதலில் இது 20 சதவீதமாக இருந்தது, 2018-இல் உயர்ந்தது. இதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நிறுவனங்களுக்கு 3 சதவீதம். 358 பொருட்கள் குறு, சிறு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. மாநில அரசுத் துறைகளை இந்தக் கொள்கை கட்டுப்படுத்தாது. பின்னணி இவ்வளவு போதும்.

பலர் விழும் முதல் குழி உதயம் சான்றிதழிலேயே இருக்கிறது. 2021 ஜூலை முதல் வியாபாரிகளும் உதயத்தில் பதியலாம். ஆனால் அந்தப் பதிவு வங்கியில் முன்னுரிமைக் கடன் வாங்க மட்டுமே உதவும். டெண்டர் சலுகை, பொருளைத் தானே தயாரிப்பவருக்கும் சேவையைத் தானே தருபவருக்கும்தான். சொந்தப் பட்டறையில் இரும்பு அலமாரி செய்பவருக்கு, பதிவு செய்துகொடுத்த ஏஜென்ட் அவசரத்தில் ‘டிரேடிங்’ என்று போட்டுவிட்டால், காகிதத்தில் அவர் வியாபாரிதான். சான்றிதழை எடுத்து, முதன்மைச் செயல்பாடு என்ன, என்ஐசி குறியீடு (தொழில் வகையைக் குறிக்கும் எண்) நீங்கள் செய்யும் பொருளோடு ஒத்துப்போகிறதா என்று டெண்டர் போடும் முன்பே பாருங்கள். உதயம் தளத்தில் பதிவு இலவசம். கட்டணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல.

நடுத்தர நிறுவனத்துக்குப் பொதுவாகச் சலுகை கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்தின் உச்சவரம்பு 25 கோடி ரூபாய் முதலீடு, 100 கோடி ரூபாய் விற்றுமுதல். இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் நடுத்தரம்தான். கட்டுமானப் பணி ஒப்பந்தங்களும் இந்தக் கொள்கைக்குள் வராது. இது தெரியாமல் சாலை, கட்டட டெண்டர்களில் சலுகை உண்டு என்று நம்பி, முன்வைப்புத் தொகை (டெண்டரோடு கட்டும் பிணைத் தொகை, இஎம்டி) கட்டாமல் போய்த் தகுதி இழப்பவர்கள் உண்டு. பெண்கள் அல்லது பட்டியல் சாதி, பழங்குடியினர் உள்ஒதுக்கீடு கேட்கும் கூட்டு நிறுவனத்தில் அவர்கள் பங்கு குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். ஆளுக்குப் பாதி என்று எழுதிய பங்குப் பத்திரம் இதற்குச் செல்லாது.

விலைச் சலுகையைத் தவறாகப் புரிந்துகொண்டு ஏமாறுபவர்கள்தான் அதிகம். 15 சதவீதம் கூடுதல் விலை தருவார்கள் என்று நினைக்கிறார்கள், தரமாட்டார்கள். மிகக் குறைந்த விலை, அதாவது எல்1, ஒரு பெரிய நிறுவனத்தினுடையது, 100 ரூபாய் என்று வையுங்கள். நீங்கள் 115 ரூபாய்க்குள் கேட்டிருந்தால், அதே 100 ரூபாய்க்கு இறங்கி வரச் சம்மதமா என்று உங்களைக் கேட்க வேண்டும். சம்மதித்தால் மொத்த அளவில் 25 சதவீதம் உங்களுக்கு. உங்களைப்போல் பலர் இருந்தால் அந்த 25 சதவீதம் உங்களுக்குள் பிரியும். பிரிக்க முடியாத பொருள் என்றால் முழு ஆர்டரையுமே உங்களுக்குத் தரலாம். எல்1 விலை சொன்னவரே குறு, சிறு நிறுவனம் என்றால் இந்தப் பேச்சே எழாது. எனவே 100 ரூபாய்க்குச் செய்தால் நஷ்டமா என்று விலை போடும்போதே கணக்குப் பாருங்கள்; ஒத்துக்கொண்டபின் பின்வாங்கினால் அடி உங்களுக்கே.

டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். ஆனால் ஆர்டர் கிடைத்தபின் கட்டும் செயல்திறன் உத்தரவாதத் தொகைக்கு (வேலையை ஒழுங்காக முடிப்பதற்கான பிணைத் தொகை) விலக்கு இல்லை. ஜெம் தளத்தில் (மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளம்) விலக்குக்கான இடத்தைத் தேர்வு செய்து, சான்றிதழையும் ஏற்ற வேண்டும். ஏற்ற மறந்தால் உங்கள் விலையைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

முன் அனுபவம், விற்றுமுதல் பற்றிய நிபந்தனைகளில் தளர்வு தானாக வருவதில்லை. வாங்கும் துறை விரும்பினால் தளர்த்தலாம் என்பதுதான் விதி. ஜெம் டெண்டர் ஆவணத்தில் இதற்கென ஒரு வரி உண்டு. அதில் ‘இல்லை’ என்றிருந்தால் உதயம் சான்றிதழைக் காட்டி வாதிட்டுப் பயனில்லை. டெண்டர் திறப்பதற்கு முன், விளக்கம் கேட்கும் கெடுவுக்குள், தளர்வு கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். திறந்தபின் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். ‘என்எஸ்ஐசி (தேசிய சிறுதொழில் கழகம்) சான்றிதழும் கொண்டு வா’ என்று அலையவிட்டால், உதயம் பதிவே போதும் என்று எழுதிக்கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பவர் கையெழுத்துப் போடத் தயங்குவார். அந்தக் கடிதப் போக்குவரத்து இருந்தால்தான் சாம்பியன்ஸ் தளத்தில் (குறு, சிறு, நடுத்தர நிறுவன அமைச்சகத்தின் குறைதீர்ப்புத் தளம்) தரும் புகாருக்கு வலு உண்டு.

பொருளைக் கொடுத்தபின்தான் பெரிய அலைச்சல். குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது: எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். இதிலிருந்து தப்ப, ‘இன்ஸ்பெக்‌ஷன் முடியவில்லை’ என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். பொருள் இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்கிறது சட்டம். ஆகவே டெலிவரி சலானில் பெயர், கையெழுத்து, முத்திரை, தேதி நான்கும் இல்லாமல் லாரியைத் திருப்பாதீர்கள். தேதி இல்லாத சலானை வைத்துக்கொண்டு இந்த வாதத்தை நிரூபிப்பது கடினம்.

தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டியாகச் சேரும். வட்டி கேட்கமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் வரி இருந்தாலும் சட்டமே மேல். தாமதமான பாக்கிக்காக அமைச்சகம் நடத்தும் இணையத் தளத்தில் ஆர்டர், பில் இரண்டையும் ஏற்றி மனு போடுங்கள். அது உங்கள் மாநில வசதி மன்றத்துக்கு (இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இவை இருக்கின்றன. 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. நடப்பு வேறு, அதற்காக மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். ஆர்டர் வாங்கியபின் பதிந்தவர்களின் வழக்குகளில் நீதிமன்றங்கள் கடுமையாக இருந்திருக்கின்றன. ஒப்பந்தத்துக்கு முன்பே உதயம் எண் வேண்டும். மன்றத் தீர்ப்பை எதிர்த்துப் போக நினைக்கும் வாங்குபவர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் நீதிமன்றத்தில் கட்டியாக வேண்டும். பாக்கித் தொகையைக் கேட்டு அனுப்பும் நோட்டீஸிலேயே இந்த வட்டிக் கணக்கையும் 75 சதவீத விதியையும் எழுதிவிடுங்கள்.