சொல் விளக்கம்: மஸ்டாங்

ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங் காரைப் பற்றித் தமிழில் எழுதுவோர், அப்பெயருக்குப் பெரும்பாலும் 'காட்டுக்குதிரை' என்றே பொருள் தருகின்றனர். சொல்லின் வரலாற்றோடு அப்பொருள் பொருந்தவில்லை.

'கலந்தவை' என்னும் பொருளுடைய மிக்ஸ்டா என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். ஸ்பெயினின் கஸ்டீலியப் பகுதியில் கால்நடை உரிமையாளர்களின் சங்கத்துக்கு மெஸ்டா என்று பெயர். மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ 1273இல் அதற்கு உரிமைச் சாசனம் வழங்கினார். மந்தைகள் கலந்து மேயும் நிலத்தில் இன்னாருடையது என்று சொல்ல முடியாமல் திரியும் விலங்கு மெஸ்டெங்கோ எனப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் மெக்சிகோவுக்குக் கொண்டுசென்ற குதிரைகளில் சில தப்பியோடிச் சமவெளிகளில் பெருகியபோது அச்சொல் அவற்றுக்கும் வழங்கி, ஆங்கிலம் பேசுவோர் வாயில் மஸ்டாங் என்று திரிந்தது. அமெரிக்காவின் தொல்குதிரைகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதால், இவை காட்டில் தோன்றிய இனமல்ல. சேணம் சுமந்த குதிரைகளின் வழிவந்தவை.

இதற்கு நிகரான சொல்லைப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. கட்டாக்காலி என்ற சொல் நம்மிடம் உள்ளது. காலி என்பது பசுக்கூட்டம்; கட்டாமல் விடப்பட்டுத் திரிவது கட்டாக்காலி. இலங்கையின் உள்ளூராட்சி அறிவிப்புகளில் இன்றும் 'கட்டாக்காலி மாடுகள்' என்பதே வழக்கு. ஐரோப்பியர் காலத்தில் நெடுந்தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று தன்போக்கில் திரியும் குதிரைகளையும் அவ்வாறே சொல்லலாம். ஆகவே மஸ்டாங் என்பது கட்டாக்காலிக் குதிரை.

நியூயார்க் உலகக் கண்காட்சியில் 1964 ஏப்ரல் 17 அன்று, 2,368 டாலர் தொடக்க விலையில் கார் அறிமுகமானது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 22,000 பேர் பதிவு செய்தனர். பெயர் குதிரையிலிருந்து வந்ததா, இரண்டாம் உலகப்போரின் பி-51 மஸ்டாங் போர் விமானத்திலிருந்து வந்ததா என்பதில் இருவேறு கூற்றுகள் உண்டு. ஆனால் காரின் முகப்பில் அமர்ந்தது குதிரைதான்: சேணமோ கடிவாளமோ இன்றி, இடப்பக்கம் நோக்கிப் பாயும் குதிரை. தொடக்கக்கால மாதிரிகளில் அதைச் சுற்றியுள்ள வெள்ளிநிறச் சட்டத்தை அமெரிக்க ஆர்வலர்கள் 'கொரால்' என்பார்கள், தமிழில் பட்டி. கட்டாக்காலியைப் பிடித்து அடைக்கும் இடமும் பட்டிதான் என்பது தற்செயலான பொருத்தமே என்றாலும், சொல்லாய்வாளருக்கு இனிப்பானது.

இக்காரை 'மசில் கார்', அதாவது பெரிய எஞ்சின் பொருத்திய மிகுதிறன் கார், என்று பொதுவாகச் சொல்லிவிடுவதும் முழுச்சரியன்று. 101 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த அடிப்படை மாதிரிக்கு அப்பெயர் மிகை. 1968இன் 428 கோப்ரா ஜெட் போன்ற பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் மாதிரிகளுக்கே அது தகும். மஸ்டாங்கால் பிறந்த, அளவில் சிறிய, விரைவுத் தோற்றமுடைய கார் வகைக்குப் 'போனி கார்' என்று பெயர். போனி என்பது நம் மட்டக்குதிரை.

பொதுச்சொல்லைத்தான் மொழிபெயர்க்க வேண்டும். காரின் பெயரை மஸ்டாங் என்றே எழுதலாம். முஸ்தாங் என்று எழுதினால் அது நேபாளத்தின் மலை மாவட்டமாகிவிடும். திபெத்திய மொழிவழி வந்த அப்பெயருக்கும் குதிரைக்கும் தொடர்பில்லை.